வார்டு இல்லாத நர்ஸ்

போன மாதம் நிர்மலா போன் செய்தாள். திண்டிவனம் மருத்துவமனையில் நான் கடைசியாக உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள். நர்சிங் இன்சார்ஜ்.

"அக்கா, இந்த மாசம் மட்டும் நாலு பொண்ணுங்க லெட்டர் குடுத்துட்டாங்க. ஒருத்தி கல்யாணம்ன்றா, ஒருத்தி மெட்ராஸ்ன்றா, மீதி ரெண்டு பேரு காரணமே சொல்லல. ஒரே பேஜாரா இருக்கு. நீங்க எப்படிக்கா அத்தினி வருஷம் ஆளுங்கள நிறுத்தி வச்சிங்க?"

"நான் நிறுத்தி வைக்கல நிர்மலா" என்றேன். நான் அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். போனில் விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் முகையூர் பக்கம். மாதா கோயில் பங்குச் சாமியார் சொன்னதைக் கேட்டு அப்பா என்னை நர்சிங் படிக்க அனுப்பினார். அந்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிப்பின் மூலையைச் சுருக்கம் விழாமல் மடிக்கவும், ரத்தத்தைப் பார்த்து மயங்காமல் இருக்கவும், நின்றபடியே தூங்கவும் கற்றுக்கொண்டேன். படித்து முடித்ததும் திண்டிவனத்தில் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையில் வேலை கிடைத்தது. விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டேன். ஓய்வு பெறும் வரை தினமும் ரயிலில்தான் போய்வந்தேன்.

அந்த ரயிலை இப்போது நினைத்தாலும் மனம் லேசாகிவிடுகிறது. காலை பாசஞ்சரில் நாங்கள் ஏழெட்டு நர்சுகள் ஒரே பெட்டியில் ஏறுவோம். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் டிபன் டப்பாக்கள் திறந்துவிடும். ஒருத்தி இட்லியை இன்னொருத்தி தோசைக்கு மாற்றிக்கொள்வாள். பேரணியில் அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர், விற்கிற அம்மா எங்களுக்கென்றே ஒரு படி எடுத்து வைத்திருப்பார். மயிலம் வந்ததும் பேச்சு தானாகக் குறையும். எல்லாரும் கொண்டையைச் சரிசெய்வோம். திண்டிவனத்தில் இறங்கும்போது வேறு ஆட்களாக இருப்போம்.

அப்போது எங்கள் மேட்ரன் தனலட்சுமி மேடம். குள்ளமான உருவம். நாங்கள் எல்லாரும் சுடிதாருக்கும் கோட்டுக்கும் மாறிய பிறகும் வெள்ளைப் புடவையிலேயே இருந்தார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "நாம கத்தினா டாக்டருக்குக் கேக்காது, பேஷண்டுக்குத்தான் கேக்கும்" என்பார்.

டூட்டி மாறும்போது அவர் வைத்திருந்த முறையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மற்ற இடங்களில் வீட்டுக்குப் போகிறவள் தோளில் பையை மாட்டிக்கொண்டு, நடந்துகொண்டே, "ஆறாம் பெட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டாச்சு, ஒன்பதாம் பெட்டுக்கு டிரிப்ஸ் மாத்தணும்" என்று ஒப்பித்துவிட்டு ஓடுவாள். தனலட்சுமி மேடம் முதலில் பையைக் கீழே வைக்கச் சொல்வார். ஸ்டூலில் உட்கார வைத்து ஒரு டம்ளர் டீ கொடுப்பார். குடித்து முடித்த பிறகுதான் படுக்கை படுக்கையாகப் போக வேண்டும். போகும்போது மூன்று விஷயம் சொல்ல வேண்டும். என்ன கொடுத்தோம், என்ன கொடுக்க வேண்டும், இந்த நோயாளியைப் பற்றி மனதில் என்ன உறுத்துகிறது. நோயாளியை நம்பர் சொல்லிக் குறிப்பிடக் கூடாது, பெயர் சொல்ல வேண்டும்.

"உறுத்தல் ஒண்ணும் இல்ல மேடம்" என்று ஒருமுறை சொன்னேன்.

"இருபது பேரு படுத்துக்கினு இருக்காங்க, ஒண்ணும் உறுத்தலன்னா நீ சரியா பாக்கலன்னு அர்த்தம். மறுபடி போய்ப் பாத்துட்டு வா."

போய்ப் பார்த்தேன். கால் முறிவுக்கு வந்திருந்த பெரியவர் முந்தின நாளிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை.

அவருடைய டூட்டி சார்ட் ஒரு நீளமான தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பென்சிலால் எழுதுவார். பெயருக்கு நேரே வார்டு. ஆனால் காலையிலும் மதியத்திலும் ஒரே ஒரு பெயருக்கு நேரே எதுவும் இருக்காது. அந்த நர்சுக்கு அன்றைக்கு வார்டு கிடையாது. நாங்கள் அதை 'சும்மா டூட்டி' என்போம். பெயர்தான் சும்மா. அவள் ஒவ்வொரு வார்டாகப் போய், "போ, இருபது நிமிஷம்" என்பாள். அங்கிருப்பவள் போய்ச் சாப்பிடலாம், கழிவறைக்குப் போகலாம், கால் நீட்டி உட்காரலாம். அவள் திரும்பி வந்ததும் சும்மா டூட்டிக்காரி அடுத்த வார்டுக்குப் போய்விடுவாள். எங்காவது நிலைமை மோசமானால் ஓடிவரவும் ஒரு ஆள் இருந்தது.

நிர்வாகத்திலிருந்து அவ்வப்போது கேட்பார்கள். "இந்தப் பொண்ணுக்கு ஏன் வார்டு போடல?"

"போட்டிருக்கேனே. எல்லா வார்டும் அவளுதுதான்" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

எனக்கு இரண்டாவது பெண் பிறந்து வேலைக்குத் திரும்பியிருந்த சமயம். மழைக்காலக் காய்ச்சல். இரண்டு வார்டிலும் தரையில் பாய் போட்டு ஆட்கள். எத்தனை நாள் விடுப்பில்லாமல் வந்தேன் என்று கணக்கில்லை. ஒரு நாள் மருந்துத் தள்ளுவண்டியின் முன்னால் நின்று ஒரு குப்பியின் பெயரைப் படித்தேன். மறுபடி படித்தேன். நான்காவது முறை படித்தும் எழுத்துகள் சேர்ந்து சொல்லாகவில்லை. யாரோ என் கையிலிருந்து தட்டை வாங்கினார்கள். தனலட்சுமி மேடம்.

"பிலோமினா, தலையெல்லாம் கலைஞ்சி கெடக்குது. போய் வாரிக்கினு வா."

உடை மாற்றும் அறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். தலை வாரினேன். அழுதேன். சுவரில் தலை சாய்த்தது தெரியும், தூங்கியது தெரியாது. திடுக்கிட்டு எழுந்து ஓடினால் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மேட்ரன் என் வார்டில் முழங்காலிட்டு ஒரு நோயாளியின் கட்டிலில் தொங்கிய பையில் சிறுநீரின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் ஊசிகள் எல்லாம் போட்டு முடித்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். என்னைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"அந்த ஓரத்து அம்மாவுக்கு டிரிப்ஸ் போட நரம்பு கிடைக்கல. என் கண்ணுக்குத் தெரியல. நீ பாரு" என்றார்.

உண்மையாகவே கிடைக்கவில்லையா, எனக்காக விட்டு வைத்தாரா, கடைசி வரை நான் கேட்கவில்லை. அந்த வாரம் வேலையை விட்டுவிடுவது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். விடவில்லை.

மேடம் ஓய்வு பெற்றார். சில வருடங்கள் கழித்து அந்தத் தாளும் பென்சிலும் என் மேஜைக்கு வந்தன.

நான் வந்த சமயத்தில் புதுக் கட்டடம் திறந்தார்கள். படுக்கைகள் கூடின, நர்சுகள் கூடவில்லை. பயிற்சி முடித்து வருகிற பெண்கள் ஆறு மாதம், ஒரு வருடம் இருப்பார்கள். கை பழகியதும் அரசு வேலையோ, மெட்ராஸோ, வெளிநாடோ கிடைத்துப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒரு நாள் நிர்வாக அதிகாரி என் சார்ட்டைப் பார்த்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் இல்லாதவர்.

"மேடம், ஃபீவர் வார்டுல ஒரே ஆளு. இங்க ஒரு பேரு சும்மா நிக்குதே?"

தனலட்சுமி மேடம் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். ஆனால் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. "கொஞ்ச நாளைக்குத்தான் சார்" என்று சொல்லி, அந்தப் பெயருக்கு நேரே என் கையாலேயே 'ஃபீவர் வார்டு' என்று எழுதினேன். அதன்பிறகு அந்த மருத்துவமனையில் வார்டு இல்லாத நர்ஸ் இல்லாமல் போனாள்.

அமுதா எங்களிடம் வந்தது அப்போதுதான். கோலியனூர்ப் பெண். அப்பா இல்லை. அம்மா அஞ்சலை நடவுக்கும் களைக்கும் போய்ப் படிக்க வைத்த பிள்ளை. கோலியனூரிலிருந்து பஸ்ஸில் வந்து, விழுப்புரத்தில் எங்களோடு ரயில் ஏறுவாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் பேரணி மல்லாட்டையைப் பங்கு பிரிப்பது அவள்தான். தன் பங்கு குறைவாகத்தான் இருக்கும்.

வேலையில் அப்படி ஒரு கை. டிரிப்ஸ் குழாயில் விழும் சொட்டை அவள் கடிகாரம் பார்க்காமலே எண்ணுவாள். நான் கடிகாரம் வைத்துச் சரிபார்த்தால் ஒரு சொட்டு முன்னே பின்னே இருக்காது. ஒரு வேலையை அவளிடம் கொடுத்தால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அதனாலேயே எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்தேன். மாடு ஓடுகிறது என்பதற்காக மேலும் இரண்டு மூட்டை ஏற்றுவார்களே, அப்படி. யாராவது வரவில்லையா, "அமுதா, இன்னிக்கு ஒரு நாள் பாத்துக்கம்மா." ஒருத்தி ராஜினாமா செய்தாளா, "அமுதா, புது ஆளு வர்ற வரைக்கும்." ஒவ்வொரு முறையும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்.

"சரிக்கா."

ஒரு நாள். மல்லாட்டை பிடுங்கும் காலம். அந்தப் பருவத்தில் எங்களுக்குப் பாம்புக்கடி வரத்து அதிகம். அமுதா முந்தின நாள் நைட் டூட்டி. காலையில் அவளை விடுவிக்க வேண்டியவள் வரவில்லை. வழக்கம்போல் நான் கேட்டேன், வழக்கம்போல் அவள் "சரிக்கா" என்றாள்.

பதினோரு மணிக்கு மயிலம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முப்பது வயதிருக்கும், பெயர் செல்வி. கொடியைப் பிடுங்கும்போது கையில் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. முழங்கை வரை வீக்கம், ஈறில் ரத்தக் கசிவு. கூட வந்த கணவர், "ஜல்தியா எதுனா பண்ணுங்க சிஸ்டர்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாம்புக்கடியில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் நல்லது. செல்வியின் ரத்தம் தண்ணீர்போல ஓடியது. டாக்டர் விஷமுறிவு மருந்து எழுதினார். அது பொடியாக வரும். தண்ணீர் சேர்த்து, குலுக்காமல், குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டித்தான் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். பத்துக் குப்பி. அமுதா அவசரமே இல்லாதவள்போல ஒவ்வொன்றாக உருட்டினாள். கரைத்து முடித்ததும் அட்ரினலினை ஊசியில் ஏற்றித் தயாராகத் தட்டில் வைத்தாள். விஷமுறிவு மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அப்போது அட்ரினலின்தான் உயிரைக் காக்கும். மருந்து ஏறத் தொடங்கிய முதல் நிமிடங்களில் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த வார்டில் இருபத்தாறு பேர். அவள் ஒருத்தி. செல்வியின் கட்டில் பக்கத்தில் நின்றபடியே எதிர்க் கட்டிலின் டிரிப்ஸை மாற்றினாள். பக்கத்துப் பையனின் காய்ச்சலைப் பார்த்தாள். கண் மட்டும் செல்வியை விட்டு விலகவில்லை. நான் வேறு வேலையாக உள்ளே நுழைந்த நேரம், செல்வி கழுத்தைச் சொறிந்தாள். அவ்வளவுதான். கணவருக்கு அது கண்ணில்கூடப் படவில்லை. அமுதா ஒரே எட்டில் வந்து மருந்தை நிறுத்தினாள், டாக்டரைக் கூப்பிட்டாள், அவர் தலையசைத்ததும் தொடையில் ஊசி போட்டாள். அதற்குள் செல்விக்கு உடம்பு முழுக்கத் தடிப்பு, மூச்சில் விசில் சத்தம். இரத்த அழுத்தம் இறங்கியது. ஆக்சிஜன், கால்களை உயர்த்துவது, இரண்டாவது ஊசி. ஒரு மணி நேரத்தில் செல்வி கண் திறந்து தண்ணீர் கேட்டாள். மருந்தை மறுபடி மெதுவாகத் தொடங்கினார்கள்.

டாக்டர் எல்லார் முன்னாலும், "சிஸ்டர் பாக்கலன்னா இந்நேரம் வேற மாதிரி ஆயிருக்கும்" என்றார். செல்வியின் கணவர் அமுதாவைக் கும்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் நர்ஸ்!

இரண்டு மணிக்கு மதிய டூட்டிக்காரி வந்தாள். அமுதா இருபத்தாறு பேரையும் பெயர் சொல்லி ஒப்படைத்தாள். யாருக்கு என்ன, எது பாக்கி, எது உறுத்தல். ஒன்று தவறவில்லை. பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போட என் மேஜைக்கு வந்தாள். பேனாவை எடுத்தாள். எழுதவில்லை.

"அக்கா, இங்க இன்னா எழுதணும்?"

"கையெழுத்துதான்மா."

"யாரு பேரு?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. பயமும் இல்லை. பதிவேட்டை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கை சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில், "ஒண்ணுமில்லக்கா, தூக்கம்தான்" என்றாள். இரண்டு நாள் விடுப்புக் கொடுத்து, ஒருத்தியைக் கூட அனுப்பி வீட்டில் விட்டு வரச் சொன்னேன். தூங்கினால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நம்பினேன்.

நான்காவது நாள் அமுதாவுக்குப் பதிலாக அவள் அம்மா வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே துவைத்து மடித்த இரண்டு யூனிஃபார்ம். மேஜையில் வைத்தார்.

"அவ இனிமே வர மாட்டா."

"உட்காருங்கம்மா. உடம்பு எப்படி இருக்கு அமுதாவுக்கு?"

அஞ்சலை உட்காரவில்லை. "தூங்குறா. தூங்குறப்ப வெரலு மட்டும் ஆடுது. இன்னாடின்னு காதை வச்சிக் கேட்டா ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கினு இருக்கா."

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உங்களப் பத்தி எம்பொண்ணு ஒரு வார்த்த தப்பா சொல்லலங்க. அதான் எனக்குக் கோவம். ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. நாங்க கூலிக்குக் களை எடுக்கப் போறோம். எந்த ஊட்டு நெலமா இருந்தாலும் பதினோரு மணிக்குக் கரை ஏத்தி வுட்டுருவாங்க. ஒரு வாய் கேப்பங்கூழு குடிச்சிட்டு, வெத்தல போட்டுக்கினு மறுபடி எறங்குவோம். எவ்ளோ கெட்டவனா இருந்தாலும் அத மறுக்க மாட்டான். இம்மாம் பெரிய ஆஸ்பத்திரி கட்டி வச்சிருக்கீங்க. இங்க கரையே கெடையாதா?"

என் வேலைக்காலத்தில் டாக்டர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இறந்தவரின் உறவினர்களிடம் அடி வாங்காமல் மயிரிழையில் தப்பியிருக்கிறேன். அந்த அம்மா கேட்டதுபோல எதுவும் என்னைத் தைத்ததில்லை. ஏனென்றால் கரை இருந்தது. அதை என் கையால் எடுத்தவள் நான்தான்.

மறுநாள் நிர்வாக அதிகாரியிடம் போனேன். பழையபடி ஒரு ஆளை வார்டு இல்லாமல் விட வேண்டும் என்றேன். "ஆளு எங்க மேடம் இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "நான் இருக்கேன் சார்" என்றேன்.

காலை பத்திலிருந்து ஒரு மணி வரை என் அறையைப் பூட்டினேன். ஐம்பது வயதைத் தாண்டிய முழங்காலோடு ஒவ்வொரு வார்டாகப் போய், "போம்மா, இருபது நிமிஷம்" என்றேன். முதல் வாரம் பெண்கள் போகவே பயந்தார்கள். வேவு பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். ஒருத்தி கழிவறைக்குப் போய் இரண்டே நிமிடத்தில் ஓடிவந்தாள். போகப் போகப் பழகினார்கள். என் மேஜையில் கோப்புகள் தேங்கின. நிர்வாகத்துக்குப் போக வேண்டிய அறிக்கைகள் தாமதமாயின. அதிகாரி இரண்டு முறை கடிந்துகொண்டார். மூன்றாவது முறை என்னைத் தேடி வந்தவர், ஃபீவர் வார்டில் நான் ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சில மாதங்களில் காலை டூட்டிக்கு மட்டும் ஒரு நர்சைக் கூடுதலாக எடுக்கச் சம்மதித்தார். மதியத்துக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. பெண்கள் அதற்குப் பிறகும் வேலையை விட்டுப் போனார்கள். ஆனால் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். சிலர் திரும்பியும் வந்தார்கள்.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோலியனூருக்குப் போனேன். அமுதா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அஞ்சலை எனக்குக் காபி கொடுத்தார். பழையதைப் பேசவில்லை.

"எப்பம்மா வர்ற?" என்று கேட்டேன்.

"வந்தா எங்க போடுவீங்கக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது இரண்டு மூன்று பொய்கள் யோசித்தும் வைத்திருந்தேன். "ஃபீவர் வார்டுதான்மா. அங்கதான் ஆளு இல்ல" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவள் அம்மாவும் சிரித்தார். "மெய்ய சொன்னீங்களே, அது போதும்க்கா" என்றாள். கிளம்பும்போது ஒரு கட்டுக் கீரையைப் பையில் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவளே போன் செய்தாள். கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்தது. "அக்கா, ஊசி போடுற ரூம்ல எடம் இருக்குதா? காலையில மட்டும் வர்றேன். ரெண்டு மணிக்கு மேல ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன். கேக்கக்கூடாது. கேட்டா நான் சரின்னுடுவேன், அதனால நீங்க கேக்கவே கூடாது."

"கேக்க மாட்டேன்" என்றேன்.

வந்தாள். வெளிநோயாளிகள் பிரிவில் ஊசி அறை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி, பெரியவர்களுக்கு நாய்க்கடி ஊசி. கை அப்படியே இருந்தது. அழுகிற குழந்தை, ஊசி போட்டது தெரியாமல் அவள் வளையலைப் பார்த்துக்கொண்டிருக்கும். மற்ற நர்சுகள் முணுமுணுத்தார்கள். "அவங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் சட்டமாக்கா?" என்று என் முகத்துக்கு நேரே ஒருத்தி கேட்டாள். "ஆமா. உனக்கும் வேணும்னா வந்து கேளு" என்றேன். அவளும் ஒரு நாள் வந்து கேட்டாள். முடிந்ததைச் செய்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு திங்கட்கிழமை. ஊசி அறை வாசலில் வரிசை, மருந்துக் கடை வரை நீண்டிருந்தது. மணி இரண்டு அடித்தது. மதியத்துக்கு வர வேண்டிய நர்ஸ் இன்னும் பஸ்ஸில் இருந்தாள். அமுதா கையைக் கழுவினாள். வரிசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு வாய்வரை வந்தது, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்று. அவள் அதற்காகக் காத்திருப்பதுபோலக்கூட இருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அமுதா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "வர்றேங்க்கா" என்றாள்.

"போய்ட்டு வாம்மா" என்றேன். அவளுடைய நாற்காலியில் நான் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஊசிக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.